வியாழக்கிழமைப் படங்களும் மேர்சியும்

1

போன கிழமை தொலைக்காட்சியில் ஓர் அமெரிக்கப் படம் போட்டார்கள். கறுப்பு மக்களைப் பற்றிய படம். நானும் மகளும் அதை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறோம். வெள்ளைக்கார வீடு ஒன்றில் வேலை செய்யும் பெண் காலையில் சமையலறைக்குள் வந்து விளக்கைப் போடுகிற இடம் வந்ததும், என் மகள் டிலானி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பித் தன் அறைக்குப் போய்விட்டாள். என் கணவர் ரிமோட்டை எடுத்து வேறு சனலுக்கு மாற்றினார். அங்கே உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு உதைபந்தாட்டத்தில் எந்த அணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே தெரியாது. அன்றைக்கு முழு ஆட்டத்தையும் பார்த்தார்.

மன்னாரிலிருந்து என் தங்கச்சி எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி தப்பாமல் வரும். 'அங்கை வெள்ளைக்காரர் உங்களை எப்பிடி நடத்துகினம் அக்கா?' நான் ஒரு வரியில் பதில் எழுதிவிடுவேன்: 'நல்ல சனம், குறை சொல்ல ஏலாது.' அது பொய் இல்லை. ஆனால் அந்தப் படம் திரும்ப வந்த பிறகு இரண்டு மூன்று நாளாக எனக்கு மனம் சரியில்லை. தங்கச்சி கேட்காத ஒன்றை இந்த முறை எழுதி வைக்கிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். குறை இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

2

நாங்கள் இருப்பது பலெர்மோவில் போர்கோ வெக்கியோ என்கிற பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்ட, நாலாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. சாமான் வாங்கிக்கொண்டு ஏறினால் மூன்றாம் மாடியில் ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டும். அந்த மூன்றாம் மாடியில்தான் மேர்சி இருந்தாள்.

மேர்சி கானா நாட்டுக்காரி. குமாசி அவளுடைய ஊர். எங்களைப் போலவே கத்தோலிக்கப் பெண். 'மேர்சி எண்டு எங்கட ஊரிலை ஒழுங்கைக்கு ஒராள் இருக்கு' என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. 'அது எங்கட பேரல்லோ' என்றாள். எங்கள் இருவருக்கும் இடையில் ஓடுவது அரைகுறை இத்தாலியனும் அதைவிட அரைகுறை ஆங்கிலமும். அவள் சொன்னதை எல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது.

அவளுக்கு விடியற்காலை வேலை. அலுவலகக் கட்டடங்களில் படிகளும் நடைகளும் கழுவிவிட்டு மத்தியானத்துக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்குப் பொலித்தியாமாப் பக்கம், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் பின்னேரம் வரை வேலை. என் கணவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரச் சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிற வேலை. காலையில் போனால் இரவாகும் திரும்பிவர. பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். அப்படியானால் பிள்ளை எங்கே போகும்? மேர்சியின் வீட்டுக்குப் போகும். முதலாம் வகுப்பிலிருந்து டிலானி மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது அங்கேதான். பாடம் செய்ததும் அங்கேதான். தலை இழுத்துப் பின்னியதும் அவள்தான். மாதக் கடைசியில் காசு கொடுக்கப் போனேன். 'பிள்ளை சாப்பிடுறதுக்கு விலை போடுறதோ?' என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டாள். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இவருடைய பெயர் அருளப்பு. கெட்ட மனிதர் இல்லை. கடையில் மிஞ்சுகிற நல்ல மீனைப் பொதி பண்ணிக் கொண்டுவந்து, 'மகள், இதைக் கீழை குடுத்திட்டு வா' என்பார். சின்னப் பொதி இல்லை, பெரிய பொதி. ஆனால் அதைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தது கிடையாது. படியில் மேர்சி எதிரே வந்தால் திறப்பைத் தேடுகிற மாதிரிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு ஏறிவிடுவார். தரை மாடியில் இருக்கிற பீனா என்கிற கிழவிக்கு மட்டும் தலை குனிந்து 'புவோன்ஜோர்னோ சிஞ்ஞோரா' சொல்லுவார்.

'ஏன் மேர்சிக்கு ஒரு வணக்கம் சொல்லக் கூடாதோ?' என்று கேட்டால், 'வேற்றுப் பொம்பிளையோடை எனக்கென்ன கதை' என்பார்.

'பீனா உங்கட சொந்த மச்சாளோ?'

பேப்பர் எடுத்து விரிப்பார்.

அவர் மேர்சியைத் தவிர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் தொண்ணூறில் ஊரை விட்டு வெளிக்கிட்டு இங்கே வந்த புதிதில், தெருவில் பொடியன்கள் 'துர்க்கோ' என்று கத்துவார்கள். இந்த ஊரில் நிறம் கறுத்தவன் எல்லோரும் துருக்கியன்தான். இவர் விடமாட்டார். நின்று, தெரிந்த நாலு இத்தாலியன் சொல்லையும் கூட்டி, 'நான் ஸ்ரீலங்கா, நான் கிறிஸ்தியானோ, ஆபிரிக்கன் இல்லை' என்று விளக்கம் கொடுப்பார். பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற வரிசையிலும் அப்படித்தான். ஆபிரிக்க ஆட்கள் நிற்கிற இடத்திலிருந்து எங்களை இரண்டு முழம் தள்ளி நிற்பாட்டுவார். எங்களுக்கு வேலை தருகிறவர்களும் மெல்ல மெல்ல 'ஸ்ரீலங்காக்காரர் அமைதி, சுத்தம், கோவிலுக்குப் போகிறவர்கள்' என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெயரை இவர் வெறுங்கையால் கட்டிய மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்.

3

எங்கள் பங்குக் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபம். தவக்காலத்தில் அங்கே படம் போட்டு, முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுச் சனத்தைப் பேச விடுவார்கள். இத்தாலியர்களுக்கு இதில் ஒரு பைத்தியம் உண்டு. படத்தைவிடப் பேச்சு நீளும். வியாழக்கிழமை பின்னேரம் வீட்டு வேலைக்காரர்களுக்கு விடுமுறை என்பதால் எங்கள் ஆட்களும் நாலைந்து பேர் போய்ப் பின்னால் இருப்பார்கள். கதிரை மெத்தென்று இருக்கும், காசும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய தவக்காலத்தில், அமெரிக்காவில் கறுப்பு இயக்குநர்கள் எடுத்த படங்களாக எடுத்துப் போட்டார்கள். ஏற்பாடு செய்தவர் என்னுடைய சிஞ்ஞோரா, லூச்சியா. பள்ளிக்கூடத்தில் இலக்கியம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுசி. என் பெர்மெஸோவுக்கு வேண்டிய வேலை ஒப்பந்தத்தை ஒரு நாளும் இழுத்தடிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதை வைத்து நீங்கள் அவரைப் பிழையாக எடுக்கக் கூடாது.

மேர்சியையும் டிலானியையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் படமே அந்த வேலைக்காரப் பெண்ணின் கதைதான். அவள் ஒரு வீட்டில் பிள்ளைகளை வளர்த்து, அவர்களின் பிள்ளைகளையும் வளர்த்து, கிழவியாகிவிடுகிறாள். வீட்டு எசமானி இறந்துபோகிறாள். செத்த வீட்டுப் பூசைக்கு இவள் கறுப்புச் சட்டை போட்டு முன்னுக்கு வருகிறாள். வாசலில் நிற்கிற ஒருவன் மரியாதையாக, மிகவும் மரியாதையாக, அவளைக் கடைசி வாங்குக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்துகிறான். அவள் வளர்த்த பிள்ளை முன்னுக்கு இருந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு நேரே பார்க்கிறது. எல்லோருடைய குரலும் இத்தாலியன் ஆக்கப்பட்டிருந்தது. அந்தக் கறுப்புக் கிழவி செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரிச் சுத்த இத்தாலியன் கதைத்தாள். மேர்சி என் காதுக்குள், 'இவ்வளவு நல்லா இத்தாலியன் தெரிஞ்சால் ஏன் படி கழுவுறா?' என்றாள்.

மண்டபத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். சிஞ்ஞோரா கைலேஞ்சியால் கண்ணை ஒற்றினார். நானும் அழுதேன், ஆனால் அமெரிக்காவுக்காக இல்லை. எங்கள் ஊர்க் கோவிலில் பெரிய கதவடியில் சில குடும்பங்கள் நின்றுதான் பூசை காண்பார்கள். அவர்களை அங்கே நிற்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. முன்னுக்கு வந்து இருங்கோ என்றும் யாரும் சொன்னதில்லை. என் பக்கத்து வகுப்பில் படித்த ஒருத்தி அந்தக் கதவடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், பிறகு நேரே பார்ப்பேன். அவ்வளவு காலமும் அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

பேச்சு தொடங்கியது. ஒரு வயதான வாத்தியார் அமெரிக்காவின் அடிமைக் காலத்திலிருந்து வெளிக்கிட்டு நெடுநேரம் எங்கேயும் இறங்காமல் பேசினார். பிறகு பங்குத் தந்தை மேர்சியைப் பார்த்து, 'எங்கள் நடுவில் ஒரு சகோதரி இருக்கிறார், அமெரிக்காவில் இது எப்படி என்று அவர்தான் சொல்ல வேண்டும்' என்று மைக்கை அனுப்பினார்.

மேர்சி எழும்பினாள். 'நான் அமெரிக்காவைக் கண்டதில்லை பாதர். குமாசியிலையிருந்து நேரை இஞ்சை வந்தனான்.'

சனம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: 'இஞ்சை எப்பிடி எண்டால் சொல்லுவன். வீடு வாடகைக்கு எண்டு பலகை தொங்கும். மணியை அடிச்சால், இப்பத்தான் குடுத்திட்டம் எண்டுவினம். பலகை அடுத்த கிழமையும் தொங்கும்.'

சிரிப்பு நின்றுவிட்டது. சிஞ்ஞோரா மைக்கை வாங்கினார். அன்பாகத்தான் சொன்னார். 'மேர்சி, அது சில அறிவில்லாதவர்கள் செய்வது. பலெர்மோ அமெரிக்கா இல்லை. அரபிகள், நோர்மன்கள், எல்லோரும் வந்துபோன ஊர் இது. எங்களிலேயே பாதி ஆபிரிக்கா இருக்கிறது. இங்கே நிறம் பார்க்கிற வழக்கம் வேர் விடவில்லை.'

கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் என் பக்கத்திலிருந்து டிலானி எழும்பினாள். பதின்மூன்று வயது. சிசிலிக்காரப் பிள்ளைகளின் இழுவையோடு, மைக் இல்லாமலே சொன்னாள்: 'என் அப்பா படியில் மேர்சிக்கு வணக்கம் சொல்வதில்லை. இத்தனை வருடமாகச் சொன்னதில்லை. அப்பாவும் வெள்ளை இல்லை.'

பின்வரிசையில் எங்கள் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? நாங்கள் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னரே கதை ஸ்ஃபெர்ராகவால்லோவில் இவருடைய காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

4

இவர் அன்றைக்குச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டு இருத்தினார்.

'இவங்கள் எங்களைப் பிரிச்சுப் பாக்கப் பழகுறதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டனான் எண்டு உனக்குத் தெரியுமோ? நீ போய்ச் சபையிலை நிண்டு எல்லாரையும் ஒண்டாக் கலக்கிறாய்.'

'கலக்கினால் என்ன அப்பா?'

'கலக்கினால் உனக்கும் அந்தப் பலகைதான்.'

அவர் பயந்துபோய் இருந்தார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, பயத்தை மதிக்கிற வயது இல்லை. அவள் எழும்பி நின்று சொன்னாள்: 'அப்ப நானும் சொல்லுறன். என்ர உறுதிப்பூசுதலுக்கு மேர்சிதான் ஞானத்தாய்.'

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். உறுதிப்பூசுதலில் ஆயர் பிள்ளையின் நெற்றியில் தைலம் பூசும்போது ஞானத்தாய் பின்னால் நின்று வலது கையைப் பிள்ளையின் தோளில் வைப்பாள். எங்கள் மன்னார்ப் பக்கத்தில் அது சாதாரண காரியம் இல்லை, உறவு கட்டுகிற காரியம். எங்கள் ஆட்களுக்குள், சாதி பார்த்து, எங்கள் அளவான குடும்பத்தில்தான் கேட்பார்கள். கேட்கிறதுக்கும் ஒரு முறை உண்டு. தகப்பனும் தாயும் நல்ல உடுப்பு உடுத்து, கையில் பழமோ கேக்கோ கொண்டு வீட்டுக்குப் போய், தகப்பன் வாயால் கேட்க வேண்டும். தாய் தனியப் போய்க் கேட்டால் அது கேட்டதாகாது. வெளிநாட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஆட்கள் இந்த வழக்கத்தை ஒரு பக்கம் மடக்கிவிட்டார்கள். சாதி பார்த்த இடத்தில் சிஞ்ஞோரா வந்துவிட்டார். வேலை கொடுக்கிற வீட்டம்மாவை ஞானத்தாய் ஆக்கினால் நாளைக்குப் பேப்பர் வேலைக்கும் உதவி, ஆட்களுக்குள்ளும் ஒரு மதிப்பு. நாங்களும் அப்படித்தான், இவர் கோட்டுப் போட்டு, பெரிய கேக் வாங்கி, லூச்சியா சிஞ்ஞோராவிடம் கேட்டு முடித்திருந்தோம். அவர் மகிழ்ச்சியில் பிள்ளைக்குப் போடுகிற சங்கிலிக்கும் நகைக்கடையில் சொல்லி வைத்திருந்தார்.

'அவவிட்டைப் போய் என்னெண்டு சொல்லுறது?' என்றார் இவர் என்னிடம். 'உன்ர வேலை என்ன ஆகும்? பெர்மெஸோ என்ன ஆகும்?'

'அதை நான் பாக்கிறன்' என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, சிஞ்ஞோராவிடம் வாய் திறக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

5

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போக முன்னர் சிஞ்ஞோரா வீட்டில் வெள்ளிப் பாத்திரங்கள் மினுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பி போட்டுக்கொண்டு வந்து இருந்தார். இதுதான் நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை மேர்சி வீட்டில் வளர்ந்தது, பிள்ளையின் விருப்பம், நாங்கள் உங்களுக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. என் இத்தாலியன் பாதியில் காலை வாரியது. கைகளாலும் சொன்னேன்.

அவருடைய முகம் ஒரு நொடி சுருங்கியது. அதை நான் கண்டேன். பிறகு எழும்பி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். 'ரோசா, எவ்வளவு அழகான விஷயம். எவ்வளவு அழகான விஷயம்.' அவருடைய கண் நிறைந்திருந்தது. சங்கிலியை எப்படியும் பிள்ளைக்கே தருவேன் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

'சிஞ்ஞோரா அழகெண்டு சொன்னாவோ?'

'ஓம், கட்டிப் பிடிச்சவ.'

'அவவின்ர வாயாலையோ?'

'பின்னை ஆற்றை வாயாலை?'

'அப்ப சரி, கேப்பம்' என்றார் இவர். அவ்வளவு நாளும் நானும் மகளும் மாறி மாறிச் சொல்லி அசையாத மனிதர். டிலானி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோசப்படுவாள் என்று பார்த்தேன். 'அவங்கள் சொன்னால் சரி என்ன?' என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஆனாலும் அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே மேர்சியிடம் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டாள். மேர்சி அவளைத் தலை தடவி, 'அப்பாவும் அம்மாவும் வந்து கேக்கட்டும். எங்கட ஊரிலையும் அதுதான் முறை' என்று சொல்லி அனுப்பினாளாம். அந்தக் கிழமை அவள் வீட்டுத் திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்துப் போட்டிருந்தாள். நான் படியேறும்போது கண்டேன்.

நான் இவரை அவசரப்படுத்தினேன். 'வாற ஞாயிறு போவம்.' ஞாயிற்றுக்கிழமை கடையில் சனம் என்றார். அடுத்த கிழமை இடுப்பில் நாரிப் பிடிப்பு என்றார். பிறகு, 'ஈஸ்டர் முடியட்டுமே, என்ன அவசரம், கீழ் வீடுதானே' என்றார். கீழ் வீடுதானே. ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய்வருகிற மனிதருக்கு ஒரு மாடி இறங்க நேரம் கிடைக்கவில்லை.

6

கடைசி வியாழக்கிழமை. கடைசிப் படமும் ஓடி முடிந்தது. அமெரிக்க நகரம் ஒன்றில் கறுப்புப் பிள்ளைகள் இசைக்குழு வைத்துப் போட்டிக்குப் போகிற கதை; சந்தோசமான முடிவு. மண்டபம் நிறைந்திருந்தது. இவரும் அன்றைக்கு விடுப்பு எடுத்து, சேர்ட் மினுக்கிப் போட்டு, என் பக்கத்தில் இருந்தார். சபையில் பெயர் கெட்டவர் சபையிலேயே அதைத் திருத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மேர்சி இரண்டு வரிசை முன்னுக்கு.

விளக்குப் போட்டதும் சிஞ்ஞோரா மைக்கைப் பிடித்தார். நான்கு கிழமையாகப் பார்த்த படங்களைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். பிறகு குரல் தழுதழுத்தது. 'அமெரிக்கா திரையில் தேடுகிறதை எங்கள் பங்கில் நாங்கள் கண்டுவிட்டோம். ஒரு ஸ்ரீலங்காக் குடும்பம் தங்கள் மகளின் ஞானத்தாயாக எங்கள் ஆபிரிக்கச் சகோதரி மேர்சியைத் தேர்ந்திருக்கிறது. மேர்சி, டிலானி, இரண்டு பேரும் மேடைக்கு வாருங்கள்.'

சனம் எழுந்து நின்று கை தட்டியது. பங்குத் தந்தை இவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். இவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

மேர்சி மட்டும் எழும்பவில்லை. கைதட்டல் தானாகக் களைத்து அடங்கிய பிறகு எழும்பினாள். மேடைக்குப் போகவில்லை. இருந்த இடத்தில் நின்று, 'என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை' என்று சொன்னாள். பெரிய குரலில்கூட இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியால் நடந்து வெளியே போனாள். டிலானி மேடைப் படியில் தனியே நின்றாள்.

7

அடுத்த நாளே போனோம். இவர் கோட்டுப் போட்டார். நான் சேலை உடுத்தேன். சிஞ்ஞோராவுக்கு வாங்கியதைவிடப் பெரிய கேக்காகப் பார்த்து வாங்கினார். ஒரு மாடி இறங்க எங்களுக்கு வெகுநேரம் எடுத்தது. டிலானி வரமாட்டேன் என்றுவிட்டாள்.

மேர்சி கதவைத் திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். முதலில் தண்ணீர் தந்தாள், வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரியம் கேட்பது அவர்கள் முறை என்று எனக்குத் தெரியும். பிறகு இவரைப் பார்த்து, 'என்ன காரியமா வந்தனீங்கள்?' என்று கேட்டாள்.

இவர் கேட்டார். நல்ல முறையாகவே கேட்டார். வழி முழுக்க இத்தாலியனில் பாடமாக்கியிருந்தார்.

'ரெண்டு கிழமையா இந்தக் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தனான்' என்றாள் மேர்சி. 'நேற்றுப் படத்துக்கு முன்னம் வந்து கேட்டிருந்தாலும் ஓம் எண்டிருப்பன்.'

'பிழை நடந்திட்டுது' என்றேன் நான். 'சிஞ்ஞோரா அப்பிடிச் சொல்லுவா எண்டு எங்களுக்கும் தெரியாது.'

'அவ நல்ல பொம்பிளை. தெரியும்.' மேர்சி கேக் பெட்டியின் நூலைத் தடவிக்கொண்டிருந்தாள். 'அந்தப் படத்திலை கிழவியைக் கொண்டுபோய்ப் பின் வாங்கிலை இருத்தினவை. நேற்று என்னை மேடையிலை ஏத்தப் பாத்தவை. அந்தக் கிழவியிட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை.'

இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: 'நான் உங்களைத் தாழ்வா நினைச்சு வணக்கம் சொல்லாமல் விடேல்லை.'

'இல்லை சிஞ்ஞோர். நீங்கள் என்னை நினைக்கவே இல்லை. என்னோடை கதைச்சால் உங்களை ஆரெண்டு மற்றவை நினைப்பினம், அதைத்தான் நினைச்சனீங்கள்.'

இவர் ஓம் என்று தலையாட்டினார்.

'நான் நிக்கமாட்டன்' என்றாள். 'நிண்டால் அந்த மண்டபத்திலை இருக்கிற எல்லாரும் என்ர கையைத்தான் பாப்பினம், பிள்ளையைப் பாக்கமாட்டினம். பிள்ளையிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. நாளைக்கும் சாப்பிட வரட்டும்.'

கேக்கை வெட்டி எங்களுக்கும் தந்தாள். தின்றோம்.

8

பெந்தகோஸ்தே ஞாயிறு உறுதிப்பூசுதல் நடந்தது. லூச்சியா சிஞ்ஞோரா டிலானியின் தோளில் கை வைத்தார். மண்டபத்தில் நடந்ததற்குப் பிறகு அவரும் பழைய ஆள் இல்லை. இரண்டு தரம் மேர்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டதாக அறிந்தேன். டிலானி நேராக நின்றாள். ஆயர் கேட்டதற்கு எல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். வீடியோக்காரர் மிக நன்றாக எடுத்திருக்கிறார். ஊருக்கு ஒரு பிரதி அனுப்பினோம். பார்த்தவர்கள் ஞானத்தாய் நல்ல வெள்ளை என்று எழுதினார்கள்.

மேர்சியும் பூசைக்கு வந்திருந்தாள். நடு வாங்கில் இருந்தாள். பூசை முடிந்து டிலானியின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

டிலானி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எங்களோடு கதைப்பது சுருங்கியது. முன்பு தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிப்பாள். பிறகு இத்தாலியனில் தொடங்கி இத்தாலியனிலேயே முடித்தாள். அதுவும் இரண்டு சொல். தகப்பன் படியில் மேர்சியைக் கண்டு 'புவோன்ஜோர்னோ' சொல்வதை அவள் மேலே நின்று கேட்பாள். மேர்சியும் பதில் சொல்லுவாள், தபால்காரருக்குச் சொல்கிற அதே குரலில். அவர் ஒரு நாளும் தவறாமல் சொன்னார். அதைக் கேட்க எனக்கே பாவமாக இருக்கும்.

கோடை முடிந்து மொண்டெல்லோக் கடற்கரையில் சனம் குறைகிற காலம், மேர்சி வடக்கே போக முடிவெடுத்தாள். அங்கே தொழிற்சாலையில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி வேலை எடுத்துக் கொடுத்திருந்தாள். நல்ல சம்பளம், விடியற்காலைப் படி கழுவல் இல்லை. போகக் கூடாது என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

போகிற அன்று இவர் வேலைக்குப் போகவில்லை. மேர்சியின் பெட்டிகளை எல்லாம் ஒருவரையும் தொட விடாமல் தானே கீழே இறக்கினார். வியர்த்து வழிந்தது. தையல் மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். வான்காரன் அவசரப்படுத்தினான். டிலானி மேர்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மேர்சி எனக்கும் முத்தம் கொடுத்து விடைபெற்றாள். கடைசியாக இவரிடம் வந்து கை நீட்டி, 'கிராட்ஸியே' என்று நன்றி சொன்னாள். பிறகு, 'உங்கட பேர் என்ன சிஞ்ஞோர்?' என்று கேட்டாள்.

'அருளப்பு' என்றார் இவர்.

அவள் தலையாட்டிவிட்டு ஏறினாள். வான் துறைமுகப் பக்கம் திரும்பும்வரை நின்றோம். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'இவ்வளவு காலமும் ஒரே படியிலை. என்ர பேர் அவவுக்குத் தெரியாதாம்' என்றார்.

டிலானி நீண்ட நாளுக்குப் பிறகு அவரிடம் தமிழில் கேட்டாள்.

'அவவின்ர முழுப் பேர் உங்களுக்குத் தெரியுமோ அப்பா?'

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.